மலையில் நின்றிருந்த காற்றாடி

“கம்பஸ் படிக்கிற புள்ளதானே நீ. அண்டைக்கு அந்தக் காத்தாடியெல்லாம் ஏன் நிண்டது எண்டு சொல்லு பாப்பம்.”

நானாவின் நாற்பதாம் நாள் ஓதி முடிந்து, சாப்பிட்ட தட்டுகளை நாங்கள் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த நேரம் சாச்சா இதைக் கேட்டார். நானா என் அண்ணன். சாச்சா என்பது வாப்பாவின் தம்பி. அவரும் கடலுக்குப் போகிறவர். கேலியாகக் கேட்டாரா, தாங்க முடியாமல் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாம்பலும் தேங்காய்த் தும்பும் ஒட்டிய கையோடு நான் நின்றேன்.

போன கிழமை இந்த வாரப் பத்தியில் விடுதி வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது, எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான் என்று எழுதியிருந்தேன். அதில் கொஞ்சம் பெருமை தூக்கலாகத் தெரிகிறது என்று ஒரு வாசகி சொல்லியிருந்தார். உண்மைதான். குறைத்து எழுத எனக்கு மனமில்லை.

நானா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பஸ்ஸுக்குக் கொண்டுபோவார். வழியில் காண்கிற ஆட்களிடம் அவர்கள் கேட்காமலே, “தங்கச்சி கம்பஸுக்குப் போறா” என்று சொல்லிக்கொண்டு போவார். கடையில் நின்று ஒரு சோடா குடித்தாலும் கடைக்காரருக்கும் அது தெரிந்திருக்கும். அந்தப் பெருமையில் பாதி அவருடையது. அவர் போன பிறகு முழுவதையும் நான் ஒருத்தியே சுமக்க வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவள் நான். சாச்சாவின் கேள்விக்கு என்னிடம் இருந்த ஒரே பதில், “காத்து இருக்கல்ல, அதான் நிண்டது” என்பது. அந்தப் பதில் பொய் என்று கடல் ஏற்கெனவே காட்டிவிட்டது.

கீழே ஒன்று, மேலே ஒன்று

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். கற்பிட்டிக்குப் போகிற நிலம் ஒடுங்கியது. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு என்கிற உப்பேரி, நடுவில் ஒரு தார் வீதி. எங்கள் வீடு களப்புப் பக்கம். மின்சாரம் எடுக்கிற காற்றாடிகள் கடல் பக்கம். முற்றத்தில் நின்று பார்த்தால் தென்னை மரங்களுக்கு மேலாக அவற்றின் தலைகள் வரிசையாகத் தெரியும்.

அவை வந்தபோது நான் சின்னப் பிள்ளை. சுற்றுகிற இலை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு லொறியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். ஊரே வீதியில் நின்றது. “திமிங்கிலத்துட விலா எலும்பு மாதிரி இரிக்கு” என்று உம்மா சொன்னார். வளைவில் லொறி திரும்ப முடியாமல் ஒருவருடைய வேலியைக் கழற்ற வேண்டி வந்தது. அந்த வீட்டுக்காரர் பல நாட்களுக்கு அதையே கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு பழகிவிட்டது. பின்னேரத்தில் இலைகளின் நிழல் வெங்காயப் பாத்திகளின் மேல் ஓடும். ஆடுகள் முதலில் மிரண்டன. கொஞ்ச நாளில் அவையும் நிழலுக்குள்ளேயே படுத்துக்கொண்டன.

கடலுக்குப் போகிறவர்கள்தான் அந்தக் காற்றாடிகளுக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார்கள். கட்டியவர்கள் நினைத்தே பார்க்காத வேலை.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று ஓயத் தொடங்கும் மாதங்களில் விடிகாலையில் எங்கள் பக்கம் ஓர் இலை அசையாது. கடலும் எண்ணெய் போலக் கிடக்கும். ஆனால் அதை நம்ப முடியாது. சில நாட்களில் மேலே காற்று இருக்கும். வெயில் ஏற ஏற அது கீழே இறங்கும். பத்து மணிக்கெல்லாம் கடல் வேறு கடலாகிவிடும். முன்பிருந்தவர்கள் மேகத்தைப் பார்த்தும் பறவையைப் பார்த்தும் ஊகித்தார்கள். பாதி நாள் சரி, பாதி நாள் பிழை.

காற்றாடி வந்த பிறகு ஊகம் தேவைப்படவில்லை. கீழே அசைவில்லை, மேலே காற்றாடி வேகமாகச் சுற்றுகிறது என்றால் வள்ளத்தை இறக்கக் கூடாது. கீழேயும் இல்லை, காற்றாடியும் நிற்கிறது என்றால் அன்றைக்கு முழுவதும் கடல் சாந்தம். பள்ளிவாசலில் சுபஹ் தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் செருப்பைத் தேடுவதற்கு முன் தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் பார்ப்பார்கள். எங்கள் வாப்பா அதில் கெட்டிக்காரர். பக்கத்து வீடுகளிலிருந்து வேலிக்கு மேலால், “காக்கா, இண்டைக்கு எப்பிடி?” என்று, அண்ணனைக் கூப்பிடுகிற முறையில், அவரிடம் கேட்பார்கள்.

“நிக்கிது. போ மகன்.”

நானா கடைசியாகக் கடலுக்குப் போன அன்றைக்கு வாப்பாவுக்குக் காய்ச்சல். போர்த்துக்கொண்டு வாசலில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நானா பெற்றோல் கானை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டே கேட்டார்.

“வாப்பா, போகலாமா?”

வாப்பா எழும்பி முற்றத்து நடுவுக்கு வந்து தென்னைகளுக்கு மேலே பார்த்தார். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. எல்லாக் காற்றாடிகளும் நின்றிருந்தன.

“நிக்கிது. போ மகன்.”

உம்மா பாணும் சம்பலும் சுற்றிக் கொடுத்தார். நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். பாயில் படுத்தபடி இந்த இரண்டு வரிகளையும் கேட்டேன். மோட்டார் சைக்கிள் சத்தம் வீதியில் ஏறிப் போனதையும் கேட்டேன்.

பகல் சமையலுக்கு உம்மா அரிசி களையும்போது தென்னைகள் சத்தம் போடத் தொடங்கின. வாப்பா போர்வையை எறிந்துவிட்டு முற்றத்துக்கு ஓடினார். காற்றாடிகள் அப்போதும் நின்றிருந்தன. தென்னை ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து அடிக்கின்றன. அவற்றுக்கு மேலே காற்றாடிகள் படம்போல நிற்கின்றன. வாப்பா ஒரு முறை ஓலையைப் பார்த்தார், ஒரு முறை காற்றாடியைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க வழியில்லை.

நானாவோடு போனவர் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்து தப்பினார். நானா கரைக்கு வந்தது பிறகு, வேறோர் ஊர்க் கரைக்கு.

வாப்பா அதற்குப் பிறகு கடலில் இறங்கவில்லை. வேலிக்கு மேலால் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவுமில்லை. அதுதான் அவரை அதிகம் உடைத்தது. அல்லாஹ்வின் நாட்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் சொன்னார். ஆனால் தன் கண் தன்னை ஏமாற்றியது என்ற ஒரு சொல்லை அவர் உள்ளே வைத்துக்கொண்டு இருந்தார். முற்றத்துக்கு வந்தால் களப்பைப் பார்த்துத்தான் இருப்பார். முதுகு எப்போதும் கடல் பக்கம்.

சுற்று வழி

அடுத்த வருடம் சாச்சாவின் மகளுக்கு வெலிமடையில் மாப்பிள்ளை பேசி நிக்காஹ் ஆனது. வலீமா விருந்துக்கு ஒரு வேன் பிடித்துப் போனோம். உம்மா மலையைக் கண்டதே அதுதான் முதல் தடவை. நுவரெலியா தாண்டியதும் சால்வையைத் தலையோடு இறுக்கிக்கொண்டு, “இந்தக் குளிருக்குள்ள மனுசர் எப்பிடிப் புள்ள வளக்கிறாங்க” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

திரும்பி வரும்போது வேன் ஓட்டிய சுனில் ஐயா, மாதம்பைக்காரர், சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பவர், “கொஞ்சம் சுத்துவழி. ஆனா பாக்க வேண்டிய இடம் ஒண்டு இருக்கு” என்று அம்பேவெலப் பக்கம் திருப்பினார். என்ன இடம் என்று சொல்லவில்லை. வளைவு ஒன்று முடிந்ததும் புல் மேட்டின் மேல் அவை நின்றன. காற்றாடிகள்.



சாச்சாதான் முதலில் வாயைத் திறந்தார். “இதப் பாக்கவா சனம் இவ்வளவு தூரம் பெற்றோல் அடிச்சுக்கொண்டு வருது? எங்கட ஊட்டுக் கொல்லையிலயே இரிக்கே.”

“கற்பிட்டியில இருந்து வந்து காத்தாடி பாக்கிற ஆக்கள் நீங்க மட்டும்தான்” என்று சிரித்த சுனில் ஐயா, கண்ணாடியில் வாப்பாவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஏதோ பிழையாகிவிட்டது என்று அவருக்கு விளங்கியது. என்ன பிழை என்று யாரும் சொல்லவில்லை.

வீதியோரத்தில் நிறைய வாகனங்கள். அவித்த சோளம் விற்கிற பெண் ஒருத்தி. புதுச் சோடிகள் காற்றாடி தலைக்கு மேல் வருகிற மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களும் இறங்கினார்கள். உம்மாவின் கையில் யாரோ ஒரு சோளத்தைக் கொடுத்தார்கள். அதன் சூட்டில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உம்மா காற்றாடிகளுக்கு முதுகைக் காட்டி நின்றார். வாப்பா இறங்கவில்லை. ஜன்னலை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் குளிர்காற்று காதுக்குள் ஊசி போல இறங்கியது. புல் முழுவதும் படுத்துப் படுத்து எழும்பியது. அந்தக் காற்றில் எல்லாக் காற்றாடிகளும் சுற்றிக்கொண்டிருந்தன, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று அசையாமல் நின்றது. எங்கள் ஊரில் அன்றைக்கு நின்ற மாதிரியே.

“மேல ஆளு இருக்குங்க”

கம்பி வேலிக்குப் பக்கத்தில் காவலாளி ஒருவர் நின்றார். தேயிலைத் தோட்டத்து ஆள். காதை மூடித் தொப்பி போட்டிருந்தார். நான் போய்க் கேட்டேன்.

“அது மட்டும் ஏன் நிக்குது?”

“நிறுத்தி வச்சிருக்காங்கம்மா. மேல ஆளு இருக்குங்க.”

“காத்து இவ்வளவு அடிக்குதே?”

“காத்து அடிச்சா என்னங்க? வேலைன்னா இலையைத் திருப்பி, பூட்டி வச்சிருவாங்க. புயலே வந்தாலும் சுத்தாது.” பிறகு, நான் ஏதோ பாடசாலைப் பிள்ளை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் கொஞ்சம் விளக்கினார். “ஒண்ணுல வேலைன்னா ஒண்ணை நிறுத்துவாங்க. பெரிய லைன்ல வேலைன்னா எல்லாத்தையும் நிறுத்திருவாங்க. கரண்ட எங்க அனுப்புறது?”

“எல்லாத்தையுமா?”

“ஆமாங்க. அன்னைக்குப் படம் எடுக்க வர்றவங்க என்னைத்தான் ஏசுவாங்க, இவ்வளவு தூரம் வந்தோமே, சுத்தலையேன்னு.”

அவர் சிரித்தார். நான் வேலிக் கம்பியைப் பிடித்தேன். இரும்பு கையைச் சுட்ட மாதிரிக் குளிர்ந்தது. அந்த நின்ற காற்றாடியின் தலையில், நன்றாக உற்றுப் பார்த்தால், ஒரு சின்ன மஞ்சள் புள்ளி அசைந்தது. தொப்பி போட்ட ஒரு மனிதன்.

இவ்வளவுதான் விடயம். இதற்குப் பௌதிகவியல் தேவையில்லை, யாரிடமாவது கேட்டிருந்தால் போதும். ஆனால் எங்கள் ஊரில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்களுக்குக் காற்றாடி என்பது காற்றின் ஒரு பகுதி. மேகத்தை யாராவது நிறுத்தி வைப்பார்களா? அப்படித்தான் அதையும் நினைத்திருந்தோம்.

வேனுக்குள்

சொல்வதா விடுவதா என்று நிறைய நேரம் யோசித்ததாக எழுதினால் அது பொய். நேரே வேனுக்குப் போனேன். வாப்பாவின் கண்ணின் குற்றமில்லை என்று தெரிந்தால் அவருக்குப் பாரம் குறையும் என்று நம்பினேன். படித்தவளின் நம்பிக்கை.

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். காவலாளி சொன்னதை அப்படியே சொன்னேன். வாப்பா கண்ணைத் திறக்காமல் கேட்டார். முடிந்த பிறகும் திறக்கவில்லை.

“அப்ப, மேல காத்து இருந்திரிக்கு.”

“ஓம் வாப்பா. நீங்க பாத்தது பிழையில்ல. அவங்க நிப்பாட்டி வெச்சிருந்திருப்பாங்க.”

“நான் போ எண்டு சொல்லக்குள்ள காத்து மேல நிண்டு பாத்துக்கொண்டு இருந்திரிக்கு.”

ஒருவேளை அது சடுதியாக எழும்பிய காற்றாக இருக்கலாம் என்றும் அதுவரை அவர் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ஒரு தேறுதலையும் நான் போய் எடுத்துவிட்டேன்.

வெளியே சாச்சா உம்மாவைப் படத்துக்கு நிற்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். “மதினி, கொஞ்சம் சிரிங்க. ஆடு அறுக்கிறத்துக்கா நிக்கச் சொன்னன்?” உம்மா சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை, ஏற்றி வைத்த ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் நான் பார்த்தேன்.

வாப்பா மெதுவாகக் கேட்டார். “இது மத்த ஆக்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“இப்பயும் பாத்துத்தானே போறாங்க.”

கண்டி வரும்வரை வேனில் தைலம் மணந்தது. யாரோ வாந்தி எடுத்தார்கள். குருநாகலில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது சாச்சாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிளேன்டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார். ஆறியதும் ஊற்றிவிட்டார்.

யாரிடம் சொல்வது

ஊருக்கு வந்து இரண்டு நாள் கழித்து எங்கள் கரையிலுள்ள காற்றாலை வாசலுக்குப் போனேன். தனியாகத்தான். வாசல் காவலாளிக்கு என்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. “படம் எடுக்கிறதெண்டா வெளிய நிண்டு எடுங்க” என்று சிங்களத்தில் சொன்னார். நான் படம் எடுக்க வரவில்லை என்று சிங்களத்திலேயே சொன்னேன். என் சிங்களம் விடுதிச் சிங்களம். கொஞ்சம் அதிகாரமாக ஒலிக்கும். அது உதவியது.

ஒரு பொறியியலாளர் வந்தார். என்னைவிடக் கொஞ்சம் வயது கூடியவர். பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

“இதப் பாத்துட்டுக் கடலுக்குப் போறாங்களா?”

“ஓம்.”

“எங்களுக்குத் தெரியாதே. பாக்கிற ஆக்கள் படம் எடுக்க வர்றவங்கதான் எண்டு நினைச்சம்.”

அந்த நாளைச் சொன்னேன். அவருக்கு நினைவிருந்தது. பிரதான லைனில் வேலை. எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். “அண்டைக்கு மேல நல்ல காத்து” என்றார். “இவ்வளவு காத்தும் சும்மா போகுதே எண்டு நாங்க இங்க கவலைப்பட்டுக்கொண்டு…”

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தாலும் நான் கோபித்திருக்க மாட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. நானா போய்க்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் அங்கே உட்கார்ந்து அதே காற்றைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

நிறுத்துகிற நாட்களில் வாடிக்கு, அதாவது வள்ளங்கள் இறங்குகிற கரைக் கொட்டில்களுக்கு, முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். கேட்டிருப்பார். பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. நான் திரும்பவும் போனேன்.

“சொல்றதெண்டாலும் யாருக்குச் சொல்றது?” என்று அவர் கேட்டார். “வாடியில போன் எடுக்கிறதுக்கு ஒரு ஆள் வேணுமே.”

“எனக்குச் சொல்லுங்க” என்று என் நம்பரைக் கொடுத்தேன்.

வாடியில்

எங்கள் பக்கம் பெண்கள் காலையில் வாடிக்குப் போவதில்லை. முதல் தடவை போனபோது வலையைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கருவாட்டு வாசமும் பெற்றோல் வாசமும். ஒருவர் மட்டும், “என்ன டீச்சர், எங்களுக்கும் வகுப்பா?” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அப்போதுதான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன்.

“காத்தாடி நிக்கிறதுக்குக் காத்து இல்லாமப் போகத் தேவையில்ல” என்று தொடங்கினேன். நானாவின் பெயரைச் சொல்லாமல் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை. சாச்சா ஒரு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கேட்கிறார்கள் என்று எழுத ஆசைதான். கேட்பதில்லை. கடன் கொடுத்தவன் வாசலில் நிற்கிற வீட்டுக்காரனும் மகளுக்கு நாள் குறித்தவனும் காற்றாடி நின்றாலும் போகிறான், சுற்றினாலும் போகிறான். போன மாதம் நான் போய்ச் சொன்ன பிறகும் இரண்டு வள்ளங்கள் இறங்கின. வந்து சேரும்வரை என்னால் வகுப்பில் ஒரு பாடத்தையும் ஒழுங்காக நடத்த முடியவில்லை.

வாப்பா கடலுக்குத் திரும்பவில்லை. திரும்புவார் என்று இப்போது யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. வீட்டுக் கொட்டிலில் உட்கார்ந்து மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுக்கிறார். முதுகு அதே பக்கம்தான். எனக்கு அழைப்பு வருவதை அவர் அறிவார். அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, பின்னேர அஸர் தொழுகை முடிந்த நேரம், போன் அடித்தது. அந்தப் பொறியியலாளர்தான். நாளைக்குக் காலையில் லைனில் வேலையாம். எல்லாவற்றையும் நிறுத்துகிறார்களாம். பேனையை வைத்துவிட்டு, சால்வையைப் போட்டுக்கொண்டு, வீதியைக் கடந்து வாடிக்குப் போனேன். கரையில் நின்ற எல்லோருக்கும் சொன்னேன். வலைக்குள் படுத்திருந்த ஒருவரை எழுப்பியும் சொன்னேன்.

திரும்பி வரும்போது வாப்பா வலை ஊசியைப் பல்லில் கடித்தபடி முடிச்சொன்றை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் படியில் கால் வைத்தபோது ஊசியை எடுத்தார்.

“எத்தின நிக்குமாம்?”

“எல்லாம், வாப்பா.”

ஊசியை வலைக்குள் ஏற்றி இழுத்தார்.

“போய்ச் சொல்லிட்டியா மகள்?”

“ஓம் வாப்பா. சொல்லிட்டு வந்திட்டன்.”